மிஸ்ஸி பார்க்க வந்த ஜன்னல்

நான் குடியிருந்த வாடகை அறைகளுக்குக் கணக்கு இல்லை. பூச்சோங்கில் ஒரு கடைவீட்டு மாடி. ஜெஞ்சாரோமில் செம்பனைக் காட்டை ஒட்டிய பலகை வீடு. கம்போங் மேடானில் ஐந்து பேர் படுத்த ஃபிளாட். அதற்குப் பிறகு பிரிக்பீல்ட்ஸ். இவற்றில் ஒன்றிலும் நான் ஜன்னலைத் துடைத்ததில்லை. கண்ணாடியில் இருந்த அழுக்கு எனக்கு முன்னால் இருந்தவனுடையது. அது என்னுடையதாக மாறுவதற்குள் நான் கிளம்பிவிடுவேன். துண்டு காயப்போடுவதற்குத்தான் எனக்கு ஜன்னல்.

என் அக்கா அப்படி இல்லை. கிள்ளானில், துறைமுகத்துக்குப் போகும் சாலையை ஒட்டிய ஒரு தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில், கல்யாணமாகி வந்து நுழைந்த அதே வாடகை வீட்டில் இருந்தாள். மாமா கண்டெய்னர் லோரி ஓட்டினார். அவர் இறந்த பிறகும் அக்கா வீட்டை மாற்றவில்லை. பிள்ளைகள் இல்லை. கையுறை செய்யும் ஃபேக்டரியில் வேலை பார்த்தாள். சர்க்கரை வியாதி வந்து, அது சிறுநீரகத்தைக் கெடுத்து, வேலையும் போனது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் சென்டருக்குப் போவாள். கையில் ஊசி குத்தி, இரத்தத்தை வெளியே எடுத்து, சுத்தம் செய்து, திரும்ப உள்ளே விடுவார்கள். பல வருடமாக அப்படித்தான் உயிரோடு இருந்தாள்.

அவள் போன் செய்தபோது நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன்.

"எங்கடா இருக்க?" என்றாள். எப்போதும் அதுதான் முதல் கேள்வி.

"பிரிக்பீல்ட்ஸ்லதான்க்கா."

"இன்னும் அங்கியேவா? பரவால்லயே."

"என்னா விசயம் சொல்லு."

"கை அடைச்சிருச்சுடா. ரெண்டு கையுமே. இனி ஊசி குத்த எடம் இல்லன்னுட்டாங்க. இப்போதைக்குக் கழுத்துல டியூப் வச்சிருக்காங்க. அதுல காய்ச்சல் வந்துருமாம், ரொம்ப நாள் வைக்க முடியாதாம். வயித்துல சின்னக் கொழாய் போட்டு, வீட்டுலயே தண்ணி ஏத்தி எறக்கி அழுக்க எடுத்துக்கலாம்னு டாக்டர் சொல்றாரு."

"நல்லதுதானக்கா."

"நல்லதுதான். ஆனா அதுக்கு முன்னால ஆஸ்பத்திரி மிஸ்ஸி வந்து வீட்டப் பாப்பாங்க. ரூமு சுத்தமா இருக்கணும், தூசி வரக்கூடாது, ஜன்னலு முழுசா மூடணும். பாத்து சரின்னு எழுதிக் குடுத்தாதான் கொழாய் போடுவாங்க. என் ரூம் ஜன்னலு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமில்ல?"

எனக்குத் தெரியாது. அந்த வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஜன்னலைப் பார்த்ததில்லை.

"மிஸ்ஸி சரியில்லன்னு சொல்லிட்டா?" என்று கேட்டேன். மிஸ்ஸி என்றால் நர்ஸ்.

"சொல்லிட்டா என்னா, கழுத்துதான். கழுத்தும் போச்சுன்னா..." என்று நிறுத்தினாள். பின்னால் லோரி ஒன்று போகும் சத்தம் போனில் கேட்டது. "நீ வாடா. ரெண்டு நாள் வந்து செஞ்சி குடுத்துட்டுப் போயிடு."

முதலாளியிடம் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு கொம்யூட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போனேன்.

அறை முன்பக்கம் இருந்தது. ஜன்னல் அகலமானது. ஒரு முழ நீளக் கண்ணாடித் தகடுகளைக் குறுக்காக அடுக்கி, ஓரத்தில் ஒரு கைப்பிடி வைத்த பழைய மாதிரி. கைப்பிடியைத் தள்ளினால் தகடுகள் எல்லாம் ஒன்றாகப் படுத்து மூட வேண்டும். இது மூடவில்லை. பாதி திறந்த நிலையிலேயே துருப்பிடித்து நின்றுவிட்டது. அந்த இடுக்குகளில் அக்கா பழைய துணியைத் திணித்து, மேலே கனமான திரை போட்டிருந்தாள். வெளியே இரும்பு கிரில். கிரில்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவே கை நுழையாது. சாலையில் விடிந்ததிலிருந்து கண்டெய்னர் லோரிகள் போய்க்கொண்டே இருக்கும். அறையின் மறுமூலையில் சாமி மேடை. மாமா உயிரோடு இருந்தபோது ஹால் முழுக்க அவருடைய லோரி சாமான்கள் கிடக்கும். அதனால் சாமிப் படங்களை அறைக்குள் வைத்தாள். அவர் போன பிறகும் மாற்றவில்லை.

வீட்டுக்காரத் தவ்கேயிடம் அக்கா முன்பே பேசியிருந்தாள். கழுவுவதென்றால் நீங்களே கழுவிக்கொள்ளுங்கள், கண்ணாடியை மட்டும் உடைத்துவிடாதீர்கள், இந்த அளவு இப்போது கடையில் கிடைக்காது என்று சொன்னாராம். வீடுகளைச் சுத்தம் செய்யும் ஒரு இந்தோனேசியப் பெண்ணை வரச்சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் ஜன்னலைப் பார்த்தாள், கிரில்லைப் பார்த்தாள், சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் கைப்பிடியை ஆட்டிக்கொண்டிருந்தபோது மாமா போன பிறகு பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த ஆன்டி வாளியும் பிரஷ்ஷுமாக வந்தார். அறுபதைத் தாண்டியவர். கத்தோலிக்கர். ரயில்வேக் குடும்பம். பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்ததை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

"இதுதான் உன் தம்பியா?" என்று அக்காவிடம் கேட்டார். "நீ பேசறத வச்சி நான் செத்துட்டான்னுல்ல நெனச்சேன்."

"செத்தவன்தான் ஆன்டி. நான் போன் பண்ணா எழுந்து வருவான்."

"சாட்சாத் லாசரஸ்தான் போ" என்றார் ஆன்டி. "தம்பி, முண்டாதே. அப்படி ஆட்டுனா தவ்கே உன்னை ஆட்டுவான். ஒவ்வொண்ணா உருவணும்."

கண்ணாடியின் இரண்டு முனைகளையும் அலுமினியக் கொக்கி பிடித்திருந்தது. அதன்மேல் யாரோ ஒரு காலத்தில் ஜன்னலோடு சேர்த்துப் பெயின்ட் அடித்துவிட்டிருந்தார்கள். ரொட்டிக்குப் பட்டர் தடவும் கத்தியால் பெயின்ட்டைச் சுரண்டி, கொக்கியை லேசாக விரித்து, தகட்டைப் பக்கவாட்டில் இழுத்தோம். முதல் தகடு கையோடு வந்தபோது அதன் விளிம்பு என் விரலைக் கிழித்தது. ஆன்டி தன் ஏப்ரன் நாடாவைக் கிழித்துக் கட்டினார்.

தகடுகளை வாசலில் ஈயத் தொட்டியில் போட்டு ஹோஸ் பைப்பைத் திறந்தேன். அக்கா பிளாஸ்டிக் நாற்காலியைத் தூணோரம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் கட்டு. அதிலிருந்து இரண்டு சின்ன வால் மாதிரி குழாய்கள் தொங்கின. தண்ணீர் தொட்டியிலிருந்து வழிந்து வாசல் சிமெண்டில் ஓடி, கால்வாயில் விழுந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு நாளைக்கு இரண்டு கிளாஸுக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது. குடித்தால் உடம்பிலேயே தேங்கி மூச்சு முட்டும்.

"ஆன்டி, ஒரே ஒரு ஐஸ் கட்டி" என்றாள்.

"காலையில ஒண்ணு வாங்குன."

"அது காலையில."

ஆன்டி உள்ளே போய் ஒரு ஐஸ் கட்டியைக் கரண்டியில் வைத்துக் கொண்டுவந்து வாயில் போட்டார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தில் அடக்கி வைத்துக் கரையவிட்டாள். நான் பைப்பைச் சின்னதாக்கினேன்.

தகடுகளின் வெளிப்பக்கம் செம்மண் நிறத்தில் இருந்தது. தண்ணீர் பட்டதும் அது சேறாகி இறங்கிவிட்டது. உள்பக்கம் போகவில்லை. பிசுபிசுவென்று ஒரு கறுப்பு. விரலை வைத்தால் ரேகை பதிந்தது. கடையில் எண்ணெய்ச் சட்டி கழுவுகிறவனுக்கு இது புதிதில்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்து, சோப்புத் தூளைப் போட்டு, ஊறவைத்துத் தேய்த்தேன்.

ஆன்டி ஒரு தகட்டைத் தூக்கி வெயிலில் காட்டினார். "வெளியில இருந்தது லோரிப் புகை. உள்ள இருக்கறது நீதான். வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம நீ போட்ட சாம்பிராணி."

"ஏன், உங்க கோயில்ல போடறது இல்லியா?"

"கோயில்ல ஃபாதர் போடுவாரு. கழுவறதும் அவரு ஆளுங்க. வீட்டுல எங்க சாமிக்கு ஒரு மெழுகுவத்தி போதும்."

"உங்க சாமி சிக்கனம்" என்றாள் அக்கா. ஐஸ் தண்ணீர் வாயோரம் வழிய, அதைப் புறங்கையால் துடைத்து அவசரமாக நக்கிக்கொண்டாள்.

கைப்பிடிக்கு எண்ணெய் விட்டும் அசையவில்லை. பின்கட்டில் மாமாவின் கிரீஸ் டப்பா ஒன்று இருந்தது. மேலே காய்ந்திருந்தாலும் அடியில் பதமாக இருந்தது. எடுத்துத் தடவி, சுத்தியால் மெல்லத் தட்டித் தட்டி, மத்தியானத்துக்குப் பிறகு ஒரு வழியாகக் கைப்பிடி நகர்ந்தது. தகடுகளைத் துடைத்து மறுபடி மாட்டினோம். திணித்திருந்த துணிகளை ஆன்டி ஒரு பையில் கட்டி வெளியே எறிந்தார். நான் கைப்பிடியைத் தள்ளினேன். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்தன. சாலையின் சத்தம் சட்டென்று பாதியாகக் குறைந்தது.

"மூடிக்கிச்சு!" என்றாள் அக்கா. எழுந்து வந்து அவளே ஒரு முறை திறந்து ஒரு முறை மூடினாள். அந்த வீட்டில் அத்தனை வருடம் இருந்தும் அந்தக் கைப்பிடியை அவள் கை தொட்டு எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று தெரியவில்லை.

சாயங்கால வெளிச்சம் இப்போது அறைக்குள் நேராக வந்தது. அக்கா மூடிய கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். வியாதிக்காரர்களுக்கு வரும் அந்தச் சாம்பல் கறுப்பு முகத்தில் படிந்திருந்தது. திரை போட்ட அறையில் நானும் அதைக் கவனிக்கவில்லை.

"ரொம்பக் கறுத்துட்டேன்ல ஆன்டி?"

"நீ எப்ப வெள்ளையா இருந்த?"

அக்கா சிரித்தாள். சிரிக்கும்போது கழுத்துக் குழாய் இழுத்து வலித்தது போல. கையால் அதைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அன்று பொழுது சாய்ந்ததும் அவளுக்கு வீடு பிடிக்காமல் போனது. திரையைக் கழற்றியாகிவிட்டது. தரையையும் கழுவியிருந்தேன். எங்கு பார்த்தாலும் சோப்பு வாசனை. கட்டிலில் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "எழவு வீடு மாதிரி இருக்குடா" என்றாள்.

எனக்குப் புரிந்தது. மாமாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று காலையில் இதே போலத்தான் வீடு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். அன்றும் தரை இப்படித்தான் ஈரமாக, காலியாக இருந்தது.

"காலையில மிஸ்ஸி வர்றாங்க. படு" என்றேன்.

காலையில் நான் நாசி லெமாக் வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வாசனை வந்தது. அக்கா குளித்து, நல்ல புடவை கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு, சாம்பிராணித் தட்டைக் கையில் பிடித்து அறை அறையாகப் போய்க்கொண்டிருந்தாள். தேங்காய் நாரில் கங்கு சிவந்திருந்தது. தன் அறைக்குள் போய், மூலைக்கு மூலை நின்று, பழைய அட்டையால் விசிறி, கழுவிய ஜன்னலுக்கு முன்னால் மட்டும் கூடுதல் நேரம் காட்டினாள். ஜன்னல் மூடியிருந்தது. அறை வெள்ளையாக நிறைந்தது.

"கழுவுன வீட்டுல புகை காட்டலன்னா நல்லா இருக்காதுடா" என்றாள். "நல்ல காரியத்துக்கு ஒருத்தங்க வீட்டுக்கு வர்றாங்க. வாசமா இருந்தா அவங்களுக்கும் மனசு குளிரும்."

எனக்கும் அது தப்பென்று தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால் முதல் நாள் இருந்த அந்த வெறுமை போய், வீடு வீடாகியிருந்தது. அக்கா முகத்திலும் ஒரு தெளிவு. நான் நாசி லெமாக்கைப் பிரித்துச் சாப்பிட உட்கார்ந்தேன்.

மிஸ்ஸி ஒரு மலாய்க்கார அம்மா. கண்ணாடி போட்டவர். காலணியைக் கழற்றி ஓரமாக வைத்து, அக்காவைத் தோளில் தொட்டு நலம் கேட்டபடி உள்ளே வந்தார். அறை வாசலில் நின்றுவிட்டார். தலையில் கட்டியிருந்த துணியின் முனையை எடுத்து மூக்கை மூடிக்கொண்டார்.

"அசாப்" என்றார். புகை.

"உங்களுக்காகத்தான் மிஸ்ஸி" என்று அக்கா மலாயில் சொன்னாள். பெருமையாகச் சொன்னாள்.

மிஸ்ஸி ஜன்னலிடம் போனார். கைப்பிடியைத் தள்ளிப் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்று என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு ஆட்காட்டி விரலால் கண்ணாடியின் உள்பக்கத்தைத் தடவி, விரலை எங்களிடம் காட்டினார். சாம்பல் நிறத்தில் மெல்லிய ஒரு படலம். நேற்று மாலை அது இல்லை.

கட்டிலில் அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேசினார். கோபம் இல்லை. வயிற்றிலிருந்து வெளியே வரும் குழாய்க்கு ஒரு மூடி இருக்கும், ஒரு நாளைக்கு நான்கு முறை அந்த மூடியைத் திறக்க வேண்டும், திறக்கும் நேரத்தில் காற்றில் என்ன மிதந்தாலும் உள்ளே போகும், போனால் வயிறு சீழ் பிடிக்கும் என்றார். அவர் பார்த்த நோயாளி ஒருவர் அப்படித்தான் போனாராம். அதனால் இந்த அறையில் புகை ஆகாது. ஊதுவத்தியும் ஆகாது. எண்ணெய் விளக்கும் ஆகாது. மேடையை வெளியே எடுத்துவிட வேண்டும்.

"இனிமே போடல. இன்னையோட நிறுத்திடறேன்" என்றாள் அக்கா. "இன்னைக்கு எழுதிக் குடுத்துடுங்க."

"தா போலே, காக்" என்றார் மிஸ்ஸி. முடியாது அக்கா என்று அவர் சொன்னபோது அவருக்கும் சங்கடமாக இருந்தது தெரிந்தது. இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் கார் போன பிறகு அக்கா சாம்பிராணித் தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். கங்கின் மேல் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினாள். அது சீறி அடங்கும் வரை குனிந்தபடியே நின்றாள்.

"இது என்னைக் காப்பாத்தும்னுதானடா இத்தன வருசம் போட்டேன்" என்றாள். "சென்டருக்குப் போயிட்டு நிக்க முடியாம வந்த அன்னைக்குக்கூட விட்டது இல்ல."

தட்டை வாங்கிக் கழுவி வைத்தேன்.

மறுநாள் கடை முதலாளி போன் செய்தார். "ரெண்டு நாளுன்னுட்டுப் போன. சட்டி மலை மாதிரி கெடக்கு லா. வரியா, வல்லியா?"

"வேற ஆளு பாத்துக்குங்க பாஸ்" என்றேன். அவர் திட்டியது நியாயமான திட்டு. கேட்டுவிட்டு வைத்தேன். வேலையை விடுவது எனக்குப் பழகிய காரியம். ஆனால் ஓர் இடத்தில் இருப்பதற்காக வேலையை விட்டது அதுதான் முதல் தடவை.

சாமிப் படங்களை அக்காவே ஹாலுக்கு மாற்றினாள். என்னைத் தொடவிடவில்லை. ஒவ்வொரு படமாக மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். முருகனை ஆணியில் மாட்டும்போது, "கொஞ்ச நாளைக்கு இங்கதான். கோச்சுக்காத. நாங்களே வாடகைக்குத்தான் இருக்கோம்" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

பிறகு மறுபடி கழுவினேன். இந்த முறை கண்ணாடியைக் கழற்றவில்லை. உள்பக்கம் மட்டும், சுவர், கூரைப் பலகை, விசிறி இறக்கை எல்லாவற்றையும் சேர்த்து. சென்டருக்கு அவளைக் கூட்டிப்போவேன், கூட்டி வருவேன், துடைப்பேன். நடுவில் ஒரு நாள் கழுத்துக் குழாயால் குளிர் காய்ச்சல் வந்தது. தாடை கிட்டி ஆடியது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அனுப்பினார்கள். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா ஹாலில் விளக்கு மட்டும் ஏற்றிவிட்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாதவள் போல் உட்கார்ந்திருந்தாள். ஆன்டி வந்து, தன் வீட்டில் கிடந்த பழைய ரேடியோவை வைத்துவிட்டுப் போனார்.

மிஸ்ஸி இரண்டாம் முறை வந்தபோது விரலால் கண்ணாடியைத் தடவினார். விரலைப் பார்த்தார். எங்களுக்கும் காட்டினார். சிரித்தார். அக்கா மூச்சை விட்டது எனக்குக் கேட்டது.

"வீட்டில் உங்களோடு யார் இருக்கிறார்கள்?" என்று மிஸ்ஸி மலாயில் கேட்டார். சர்க்கரையால் அக்காவுக்குக் கண் மங்கியிருந்தது. குழாயை மாட்டும்போது கை நடுங்கினாலோ, மூடி தவறி விழுந்தாலோ, பார்த்துச் செய்ய ஓர் ஆள் வேண்டும். ஆள் இல்லாத வீட்டுக்கு எழுதிக் கொடுக்க முடியாது.

இதை யாரும் எங்களுக்கு முன்பே சொல்லவில்லை. நாங்கள் ஜன்னலைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தோம்.

அக்கா தரையைப் பார்த்தாள். "யாரும் இல்ல மிஸ்ஸி. இவன் என் தம்பி. போயிடுவான்" என்றாள். அதில் குறை சொல்லும் தொனி இல்லை. மத்தியானம் மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னாள்.

"நான் இங்கேதான் இருக்கிறேன்" என்றேன்.

மிஸ்ஸி என்னைப் பார்த்தார். "எவ்வளவு நாளைக்கு?"

"இங்கேதான்" என்று மறுபடி சொன்னேன்.

குழாயடிக்குக் கூட்டிப்போய் எனக்குக் கை கழுவக் கற்றுக்கொடுத்தார். விரல் இடுக்கு, நகக்கண், கட்டைவிரல், மணிக்கட்டு. ஆயுள் முழுக்கச் சட்டி கழுவிய கை, தன்னைக் கழுவத் தெரியாமல் அவர் முன்னால் திரும்பத் திரும்பச் சோப்புப் போட்டது. கடைசியில் சரி என்றார். எழுதிக் கொடுத்தார். தண்ணீர்ப் பையைத் தொங்கவிட எந்த உயரத்தில் ஆணி அடிக்க வேண்டும் என்று சுவரில் கையை வைத்துக் காட்டிவிட்டுப் போனார்.

"மிஸ்ஸிகிட்ட பொய் சொல்லலாமாடா?" என்றாள் அக்கா.

"பொய் இல்லக்கா."

"பாப்போம்." அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவள் எனக்கு மட்டும் கருவாடு பொரித்தாள். அவளுக்கு உப்பு ஆகாது.

குழாய் போட ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அவள் தைரியமாகத்தான் போனாள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். நினைத்ததைவிடச் சீக்கிரம் டாக்டர் வெளியே வந்தார். சின்ன வயதுப் பெண், தமிழ்ப் பெண்தான். என்னை "அங்கிள்" என்று கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். வயிற்றைத் திறந்து பார்த்தோம், உள்ளே குடலெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறது, தண்ணீர் நிற்க இடமே இல்லை, பழைய ஆபரேஷனால் ஆனது, முயற்சி செய்யலாம் என்றுதான் எடுத்துக்கொண்டோம், முடியவில்லை என்றார். நான் தலையாட்டினேன். டாக்டரும் எழுந்து போகாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பழைய ஆபரேஷன் என்றால் அக்காவுக்குக் கல்யாணமான மூன்றாம் வருடம் கட்டி வந்து கர்ப்பப்பையை எடுத்தது. நான் அப்போது ஜொகூரில் ஏதோ வேலையில் இருந்தேன்.

மயக்கம் தெளிந்து விஷயத்தைக் கேட்டபோது அக்கா அழவில்லை. "அந்த எடம் எதுக்குமே ஆகாம போயிருச்சு" என்றாள். பிறகு தண்ணீர் கேட்டாள். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்த அன்று ஆன்டி கேட் அருகே நின்று என் முகத்தைப் பார்த்தார். நான் கையை விரித்தேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டு, உள்ளே போய்க் கஞ்சி கொண்டுவந்தார். அறை நாங்கள் விட்டுப்போனபடியே இருந்தது. சுவரில் தண்ணீர்ப் பைக்காக அடித்த ஆணி. ஜன்னல் இறுக்க மூடியிருந்தது. உள்ளே புழுங்கியது.

"தொறந்து விடுடா" என்றாள் அக்கா. "இனிமே எதுக்கு மூடி வைக்கணும்."

கைப்பிடியை இழுத்தேன். தகடுகள் எழுந்து நின்றன. லோரிச் சத்தமும் சூடும் தூசியும் ஒன்றாக உள்ளே வந்தன.

அதற்குப் பிறகு அக்கா அடுத்த மழைக்காலம் வரை இருந்தாள். கழுத்துக் குழாய் கெட்டு, மறுபக்கக் கழுத்தில் போட்டார்கள். அதுவும் கெட்டு, தொடையில் போட்டார்கள். நான் சொன்னபடி அங்கேயே இருந்தேன். பக்கத்தில் ஒரு கார் கழுவும் கடையில், சென்டர் இல்லாத நாட்களில் மட்டும் வேலை செய்தேன். இனி தடையில்லையே, வெள்ளிக்கிழமை புகை போடேன் என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். "இப்ப மூச்சு தாங்காதுடா" என்றாள். சாமிப் படங்களும் ஹாலிலேயே இருந்துவிட்டன. திரும்ப அவற்றைத் தூக்க அவளுக்குத் தெம்பில்லை. என்னைத் தூக்கச் சொல்லவும் மனம் வரவில்லை போல.

ஜன்னலை மட்டும் நான் வாரா வாரம் துடைத்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கொதிதண்ணீரும் சோப்புத் தூளும் வைத்துக்கொண்டு ஒரு நாள் துடைத்துக்கொண்டிருந்தபோது, தூங்குகிறாள் என்று நினைத்திருந்த அக்கா கட்டிலிலிருந்து பேசினாள்.

"யாரு வர்றாங்கன்னு தொடைக்கிற?"

"யாரும் வரலக்கா. சும்மாதான்."

அவள் மங்கிய கண்ணை இடுக்கிக்கொண்டு வெளிச்சத்தைப் பார்த்தாள்.

"அப்படின்னா மேல இருக்கறதையும் தொடை. அங்க விட்டுட்ட பாரு."

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன்.